கண்ணாடி ஏற்றிய கார்

1996 மே 9, வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குப் பால் வந்தது. எட்டு மணிக்கு இட்லி, தேங்காய்ச் சட்னி. ஒன்பதிலிருந்து பத்து வரை கையெழுத்துப் பயிற்சி, இரண்டு பக்கம். பத்தரைக்குத் தம்பியைக் குளிப்பாட்டினேன். பதினொரு மணியிலிருந்து அப்பாவும் நானும் கார் ஷெட்டில்.

இது அன்றைய டைரிப் பக்கத்தில் இருப்பது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்கு முந்தின வருடம் தொடங்கிய பழக்கம். இன்றுவரை ஒரு நாள் விட்டதில்லை. இத்தனை டைரிகளில் தெரிந்தே பொய்யாக எழுதிய வரி ஒன்றே ஒன்றுதான். அது அந்த மே மாதத்தின் கடைசி வாரத்தில் இருக்கிறது. அதற்குப் போகுமுன் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கார் எங்களுடையது அல்ல. அத்தை வீட்டுக்காரருடையது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கு மாப்பிள்ளையாக வந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்பார்கள். வயதில் அத்தையைவிட ரொம்பப் பெரியவர். இடத்தைப் பார்த்துப் பேசி முடித்தவர் அப்பா. கல்யாணம் ஆனதும் அத்தை பாரிஸுக்குப் போய்விட்டாள். குழந்தை இல்லை. விடுமுறைக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று மாமா ஒரு பழைய சாம்பல் நிறக் காரை வாங்கி, காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையை ஒட்டித் தகர ஷெட் போட்டு நிறுத்திவிட்டுப் போயிருந்தார். பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. அப்பா அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கொடுத்த பொருளைக் கொடுத்தபடி வைத்திருப்பவர்.

காரில் மாமா கொண்டுவந்து பொருத்திய வெளிநாட்டு ரேடியோ இருந்தது. கேசட் போடும் வாயும் அதிலேயே உண்டு. கடல் காற்றில் அது துருவேறி, உள்ளே போன ஒரு கேசட்டைக் கடித்து வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. ரேடியோ மட்டும் பாடியது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் ஆள் உள்ள வீடுகளுக்குக் கடிதம் எப்படி வந்தது என்று நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பாதிக் கடிதம் காகிதத்தில் வரவில்லை, கேசட்டில் வந்தது. அத்தை ஒரு மணி நேரம் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து கேட்போம். இரண்டு மூன்று வாரம் கழித்து, அதேபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை பதில் பதிவோம். மின்விசிறியை நிறுத்த வேண்டும், அது இரைச்சலாகப் பதியும். முதலில் அப்பா, அடுத்து அம்மா, பிறகு நான், கடைசியில் தம்பி. "தோத்திரம்" என்று தொடங்க வேண்டும். கெட்ட செய்தி சொல்லக் கூடாது. என்ன சமைத்தோம் என்று கட்டாயம் சொல்ல வேண்டும். அத்தை அதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பாளாம்.

மே 4, சனிக்கிழமை, விடுமுறையில் வந்த ஒருவர் அத்தை கொடுத்த பார்சலைக் கொண்டுவந்தார். பிரித்தபோது நான் எழுதிக்கொண்டேன். சாக்லேட் பாக்கெட் இரண்டு, அம்மாவுக்கு ஸ்வெட்டர் ஒன்று (காரைக்காலில் ஸ்வெட்டர்), வாக்மேன் ஒன்று, அதோடு சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, கேசட் இரண்டு. ஒரு கேசட் எதிலும் சுற்றாமல் வந்தது. மற்றது பூப்போட்ட கைக்குட்டையில் சுற்றியிருந்தது. கைக்குட்டையில் சென்ட் வாசனை.

மறுநாள் ஹாலில் ஒரு கேசட்தான் ஓடியது, சுற்றாமல் வந்தது.

"இன்னொண்ணு எங்கப்பா?" என்று கேட்டேன்.

"அது வெறுங் கேசட்டு. நாம பதியறதுக்கு" என்றார்.

வெறும் கேசட்டை யார் கைக்குட்டையில் சுற்றி அனுப்புவார்கள்? கேட்கவில்லை. "கேசட் 2, கேட்டது 1" என்று எழுதி அடியில் கோடு போட்டேன்.

கறுப்புப் பெட்டி எதற்கென்று அப்பா விளக்கினார். அதன் ஊசியை வாக்மேனில் செருகினால், வாக்மேனில் ஓடுவதை அது எஃப்.எம். அலையாக வெளியே விடும். ரேடியோவை அந்த எண்ணில் வைத்தால் கார் ஸ்பீக்கரில் கேட்கும். "நம்ம காருக்கு மட்டும் ஒரு குட்டி நிலையம்" என்றார். பெட்டியின் பக்கவாட்டில் 89 என்று எழுதிய ஒரு பொத்தான். மேலே எலி வால் போல ஒரு சாண் வயர்.

வாக்மேனோடு காதில் மாட்டும் கருவியும் வந்திருந்தது. அப்பாவால் அதை மாட்ட முடியாது. அவருக்கு இடது காது கேட்காது. வலது காதில் சீழ் வந்து, எதையும் வைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எப்போதும் பஞ்சு இருக்கும். அதனால் எதைக் கேட்டாலும் ஸ்பீக்கரில்தான் கேட்க வேண்டும், அதுவும் சத்தமாக. ஹாலில் வைத்தால் தெருவே கேட்கும்.

இதையெல்லாம் இன்று வரிசையாக அடுக்க முடிகிறது. அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாட்டில் நாட்டமே இல்லாத மனிதர், காரில் பாட்டுப் பெட்டி வைக்கிறார்.

மெயின் ரோட்டில் பேட்டரி கடைக்காரர் ஒருவர் இருந்தார். காரின் மின்சார வேலை எல்லாம் அவர்தான் பார்ப்பார். அரை மணி நேர வேலை. அவரிடம் விட்டுவிடலாமே என்று அம்மா சொன்னாள்.

"வேணாம். அந்தாளு நாலு பேருகிட்ட சொல்லுவான்" என்றார் அப்பா.

"எத? வாத்தியாரு காருல பாட்டு கேக்குறாருன்னா?"

அப்பா டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். அம்மா என்னைப் பார்த்தாள். அம்மாவின் சந்தேகம் தொடங்கியது அன்றுதான்.

அரை மணி நேர வேலையை நாங்கள் மூன்று நாள் செய்தோம். சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும் என்று பெட்டியின் காகிதத்தில் படம் போட்டிருந்தது. எங்கள் காரில் அந்தத் துளை பச்சையாகக் களிம்பேறிச் செத்திருந்தது. அப்பா ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஃப்யூஸ் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு வயரை இழுத்தார். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர் வரும் இடம் எது என்று டெஸ்டர் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்காவது ஃப்யூஸ். கறுப்பு வயரைக் காரின் உடம்பில் ஒரு திருகாணிக்கு அடியில் வைத்து இறுக்கினார். அதற்குமுன் அந்த இடத்துப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தது நான். முதல் நாள் ஃப்யூஸ் போயிற்று. இரண்டாம் நாள் ரெக்சின் சீட்டின் சூட்டில் அப்பாவின் முதுகு வெந்தது. சால்டரிங் புகையும் சூடான ரெக்சினும் கலந்த அந்த நெடியை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. மூன்றாம் நாள் பெட்டியை ஒரு சைக்கிள் டியூப் துண்டில் சுற்றி, ஆடாமல் டேஷ்போர்டுக்கு அடியில் கட்டினார். சாம்பல் கிண்ணத்தைக் கழற்றிய பள்ளத்தில் வாக்மேன் சரியாக உட்கார்ந்தது.

மே 12, ஞாயிறு, பூசைக்குப் பிறகு சோதனை ஓட்டம். கோவில்பத்திலிருந்து வரிச்சிக்குடி பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பினோம். அம்மாவின் பழைய பாட்டுக் கேசட் ஒன்றைப் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த வயல், அதில் ஆடுகள். பாட்டு பாதி, கரகரப்பு பாதி. பேருந்து ஒன்று கடந்தால் பாட்டே காணாமல் போயிற்று.

"வால் நீளம் பத்தல" என்றார் அப்பா.

இங்கே எங்கள் கடற்கரைப் பக்கத்து மூளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் எல்லா மாடியிலும் இலங்கைத் தொலைக்காட்சிக்காக உயரக் குழாயில் ஆன்டெனா நின்றது. அப்பா மாடியில் நின்று குழாயைத் திருப்பி, "தெரியுதா?" என்று கத்துவார். அம்மா கீழே டி.வி. முன்னால் நின்று "தெரியல" என்பாள். இன்னொரு முழம் குழாய் சேர்ப்பார். நீளம் கூடினால் தெளிவு கூடும்: இது அங்கே வேதவாக்கு. ஆன்டெனா வாங்குகிறதா விடுகிறதா என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை, அறிவியல் ஆசிரியர் உட்பட.

மே 13, திங்கள். ஒரு சாண் வாலோடு மூன்று முழம் வயர் சேர்த்தோம். அளந்து வெட்டியது நான். அப்பா அதை முன்கண்ணாடி ஓரமாக ஏற்றி டேப் போட்டு ஒட்டினார். கரகரப்பு போயிற்று. அப்பாவுக்கு அன்று இருந்த சந்தோஷம் என் டைரியில் இருக்கிறது: "அப்பா சிரித்தார்."

அதற்குப் பிறகு மத்தியானங்களில் நான் ஷெட்டுக்கு வர வேண்டாம் என்றார்.

சாப்பிட்டு, எல்லோரும் படுத்த பிறகு, இரண்டரை மணி வாக்கில் போவார். பேட்டரிக்காக எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விடுவார், பிறகு நிறுத்துவார். ஆனால் இறங்கி வர மாட்டார். கத்திரி வெயில், தகர ஷெட், நான்கு கண்ணாடியும் ஏற்றியிருக்கும். அரை மணி, முக்கால் மணி கழித்து வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அம்மா சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன்.

"காருல சென்ட் வாசன அடிக்குதே, ஏன்?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டாள்.

எனக்குக் கைக்குட்டை நினைவு வந்தது. சொல்லவில்லை. உறுதியாகத் தெரியாததைச் சொல்லக் கூடாது என்பது என் கொள்கை. பன்னிரண்டு வயதின் கொள்கைகள் எவ்வளவு கெடுதல் செய்கின்றன என்று இப்போது தெரிகிறது.

மே 20, திங்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா அம்மாவின் ரவிக்கையைக் கொடுக்க வந்தவள், வாசல் கேட்டுக்கு உள்ளே வராமல் நின்றாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான் ஜன்னல் கம்பி அருகில் நின்று கேட்டதை அன்றே அப்படியே எழுதினேன்:

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஷெட்டு பக்கமா வந்தேன். காருக்குள்ள ஒரு பொம்பள அழுவுறா. சார் வந்து, 'வேணாம்மா, இது மட்டும் வேணாம்மா'ன்னு கெஞ்சுறாரு."

அம்மா ரவிக்கையைப் பிரித்து, தையலைப் பார்த்து, "கை கொஞ்சம் இறுக்கமா இருக்கே" என்றாள். தையல்காரம்மா போனதும் நேரே ஷெட்டுக்குப் போனாள். நான் பின்னால் ஓடினேன். அப்பா தனியாகத்தான் இருந்தார். ஒரு துணியால் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பாட்டு கேட்டேன்."

"என்ன பாட்டு?"

"பழைய பாட்டு."

"பழசுல எது?"

அப்பா துணியை மடித்தார். அம்மா காரைச் சுற்றி வந்தாள். பின்சீட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு ஷெட்டுக்குப் பின்னால் சந்துக்குப் போகும் சின்னக் கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. அன்று சாயங்காலம் அந்தக் கதவில் ஒரு சங்கிலியும் பூட்டும் ஏறின. சாவி அம்மாவின் தாலிச் செயினில்.

இரவு என் பக்கத்தில் வந்து படுத்தாள். "நீதான் எல்லாம் எழுதுறியே. அப்பா எத்தன மணிக்குப் போறாரு, எத்தன மணிக்கு வர்றாருன்னு எழுது" என்றாள். என்னை நம்பி ஒரு பெரிய வேலை கொடுத்ததாக எனக்குப் பெருமை. 21, செவ்வாய்: போனது 2.35, வந்தது 3.20. பூட்டு பூட்டியபடி. யாரும் வரவில்லை. ஆனாலும் சுவரில் காது வைத்தால் பெண் குரல் கேட்கத்தான் செய்தது.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். கேசட் இரண்டு, கேட்டது ஒன்று. பூட்டிய கதவு வழியாக மனிதர் வர முடியாது. அப்படியானால் குரல் வருவது வாக்மேனிலிருந்து. வாக்மேனில் இருப்பது பெட்டிக்குப் போகிறது. பெட்டி 89இல் விடுகிறது. வால் மூன்று முழம் ஒரு சாண். ஆன்டெனாக் குழாய் இலங்கை வரைக்கும் எட்டும் என்றால், இந்த வால் சமையலறைக்கு எட்டாதா?

மே 22, புதன், 2.50. அம்மா சமையலறையில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அத்தை முன்பு ஒரு முறை கொண்டுவந்த சின்ன ரேடியோ அலமாரியில் இருந்தது. அதை எஃப்.எம்.மில் போட்டு, முள்ளை 89க்கு நகர்த்தினேன். இரைச்சல். இன்னும் ஒரு மயிரிழை. இரைச்சல் சட்டென்று நின்றது. ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம், பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்டது.

அம்மாவின் கை நின்றது. இரண்டு வார்த்தைதான் வந்திருக்கும்.

"அட, உங்க அத்த!"

அம்மா சிரித்தாள். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர். "நான் என்னென்னமோ நெனச்சேண்டி. கதவுக்கெல்லாம் பூட்டு போட்டேன், பாவி" என்றாள். அவ்வளவு லேசாக அம்மாவை அந்த மாதம் முழுக்க நான் பார்க்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அத்தை பேசிக்கொண்டே போனாள்.

"இந்த வீட்டுல கடியாரச் சத்தந்தான்னே. அவரு வாயத் தொறக்க மாட்டாரு. பாப்பாவ எனக்குக் குடுத்துடு. எம் பேருல எழுதி இங்கயே படிக்க வச்சிக்கிறேன். வயசு ஏறிட்டா பேப்பர் ஆவாதாம். அண்ணிகிட்ட இப்ப சொல்லாத. எல்லாம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

பாப்பா என்றால் நான்.

பிறகு ஒரு மௌனம். அந்த மௌனத்தில் இரைச்சல்கூட இல்லை. நிலையம் ஓடிக்கொண்டிருக்கிறது, பேச மட்டும் யாரும் இல்லை என்பதுபோல இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்: இரண்டு நிமிடம். பிறகு நாடா கீச்சென்று பின்னால் ஓடியது. "இந்த வீட்டுல கடியாரச் சத்தந்தான்னே" என்று அத்தை மறுபடி தொடங்கினாள். மறுபடி அதே கேள்வி. மறுபடி இரண்டு நிமிட மௌனம்.

அம்மா எழுந்து ரேடியோவை நிறுத்தினாள். முறத்தை இழுத்துக்கொண்டு மறுபடி பொறுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன்: கல் இருக்க வேண்டிய கிண்ணத்தில் நல்ல அரிசி விழுந்துகொண்டிருந்தது.

"இத நீ டைரியில எழுதாத" என்றாள். எழுதினேன்.

அன்று சாயங்காலம் டிரங்குப் பெட்டியைத் திறந்து, என் பிறப்புச் சான்றிதழையும் ஞானஸ்நானச் சீட்டையும் பள்ளிக்கூடப் பத்திரங்களையும் எடுத்து, பாலித்தீன் பையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் கைமுட்டி வரை விட்டுப் புதைத்தாள். காலையும் மாலையும் எனக்குத் தலை வாரினாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பல வருடம் கழித்து விசாரித்தேன். "கேட்டா ஆமான்னுட்டா?" என்றாள்.

அந்த மூன்று நாளில் அப்பா செய்த எல்லாமே எனக்குச் சாட்சியமாகத் தெரிந்தது. வியாழக்கிழமை என்னைக் கதவோடு நிறுத்தி உயரம் பார்த்தார். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பார்ப்பதுதான், ஆனால் இந்த முறை பாஸ்போர்ட்டுக்கு என்று எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை, "ஸ்டுடியோவுக்குப் போய் ரெண்டு போட்டோ எடுக்கணும், கிளம்பு" என்றார். வயிற்று வலி என்று பாயில் சுருண்டேன். அம்மா ஓமத் தண்ணீர் கொண்டுவந்து, என் வலி பொய் என்று தெரிந்தே என் வயிற்றைத் தடவிக்கொடுத்தாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அடையாள அட்டைக்கு இரண்டு போட்டோ கேட்டார்கள். அது அந்த இரண்டு போட்டோதான். அப்போது யாருக்குத் தெரியும்?

அப்பா என்னைப் பார்த்த பார்வையும் சரியில்லை. சாப்பிடும்போது என் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். விற்கப்போகிற மாட்டைப் பார்ப்பதுபோல என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை இன்று படிக்கக் கூச்சமாக இருக்கிறது.

மே 26, ஞாயிறு. பூசையிலிருந்து திரும்பினோம். "இன்னிக்குப் பதில் பதிஞ்சுடுவோம். பார்சல் கொண்டாந்தவரு புதன்கிழம பாரிஸுக்குத் திரும்புறாராம்" என்றார் அப்பா. ஜன்னலைச் சாத்தினோம். மின்விசிறியை நிறுத்தினோம். டேப் ரிக்கார்டரில் அப்பா கடையில் வாங்கிவந்த வெறும் கேசட் ஏறியது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா அவருக்கு முன்னால் பாயில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் முதல்ல பேசுறேன்."

வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அப்பா நகர்ந்தார். அம்மா சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"தோத்திரம்மா. எல்லாரும் சொகம். உங்கண்ணனுக்குன்னு தனியா அனுப்புன கேசட்ட நானும் கேட்டேன். சமையக்கட்டு ரேடியோவுல கேட்டேன். பாப்பாவ நான் குடுக்க மாட்டேம்மா. கோவிச்சிக்காத. நேத்து கத்திரிக்கா வத்தக்குழம்பு வச்சேன். இன்னிக்கு மீனு."

பொத்தானைத் தூக்கிவிட்டாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பா சமையலறைப் பக்கம் திரும்பினார், அங்கிருந்து ஷெட்டுப் பக்கம், பிறகு என் பக்கம். மூன்று முழம் என்று அவர் மனதுக்குள் அளந்தது எனக்குத் தெரிந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பொத்தானை அழுத்தினார்.

அப்பா பதியும் லட்சணம் எங்களுக்குத் தெரியும். "ஆங், அப்புறம்" என்று நான்கு வார்த்தைக்கு ஒரு முறை நிற்பார். மூன்று தடவையாவது நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி பேசுவார். அன்று ஒரே மூச்சில் பேசினார்.

"தோத்திரம்மா. அந்த எடத்தப் பாத்து முடிச்சவன் நான். அதனால நீ எதக் கேட்டாலும் இல்லேன்னு சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா வேணாம்மா. இது மட்டும் வேணாம்மா. பெத்தவகிட்டேருந்து பிரிச்சு அனுப்பிட்டு, இந்த வீட்டுல ஒக்காந்து நான் சோறு திங்க முடியாது. நீ வா. வருஷா வருஷம் வா. ஒனக்கு ஒரு ரூம் இருக்கு."

என் முறையில் நான், "தோத்திரம் அத்தை, ஜூனில் ஸ்கூல் திறக்கிறது" என்று மட்டும் சொன்னேன். தம்பி துப்பாக்கி கேட்டான்.

அம்மாவுக்கு அன்று தெளிவாகிவிட்டது: தான் முந்திக்கொண்டதால் அப்பா வழிக்கு வந்தார். அப்பா போய்ச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது. இன்றும் கல்யாணம், கருமாதி எங்கே போனாலும், "நான் மட்டும் அன்னிக்கு வாயத் தொறக்கலேன்னா இவ இப்ப பாரிஸுல" என்பாள். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். போன வருடம் பழைய டைரிகளுக்கு அட்டை மாற்றும்போது மே 20 கண்ணில் பட்டது. தையல்காரம்மா சொன்ன அதே வாக்கியம்: வேணாம்மா, இது மட்டும் வேணாம்மா. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் முந்தியே.

பெட்டி வாக்மேனில் ஓடுவதைத்தான் விடும்; காரில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதை விடாது. நாங்கள் சமையலறையில் கேட்டது அத்தையின் பாதி. அந்த இரண்டு நிமிட மௌனங்களில் அப்பா, கண்ணாடி ஏற்றிய காருக்குள், வேர்த்து ஒழுக, தங்கைக்கு இல்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். இந்தப் பாதியைக் கேட்டவள் தையல்காரம்மா ஒருத்திதான். அவள் சொன்னதை நாங்கள் கள்ளக் காதலுக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

டைரியை எடுத்துப் போய் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் பார்த்தாள். "நீ அப்பவே அப்பா கட்சி. பின்னாடி எழுதியிருப்ப" என்றாள். மறுபடி வாங்கி மசியைப் பார்த்தாள்.

மே 27, திங்கள். ஐந்தரைக்கு எழுந்தேன். அப்பா எனக்கு முன்பே எழுந்திருந்தார். காபி குடிக்கவில்லை. ஷெட்டிலிருந்து, "பாப்பா, டைரிய எடுத்துட்டு வா" என்றார். முன்கண்ணாடி ஓரத்து டேப்பை உரித்து, மூன்று முழம் வயரையும் பிளேடால் வெட்டி, சுருட்டி என் கையில் கொடுத்தார். "எழுது. வால், ஒரு சாண்" என்றார். பிறகு என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டு, சாவியைத் திருப்பி, வரிச்சிக்குடி போனபோது போட்ட அம்மாவின் பாட்டுக் கேசட்டை ஓட விட்டார்.

அம்மா அதற்குள் ரேடியோவை 89இல் வைத்து, அதன் முன்னால் நின்றிருந்தாள்.

"கேக்குதா?" என்று ஷெட்டிலிருந்து அப்பா கத்தினார், மாடியில் ஆன்டெனா திருப்பும் அதே குரலில்.

நான் ரேடியோவில் காது வைத்தேன். இரைச்சலுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, பாட்டு இருந்தது. மெல்லியதாக, ஆனால் வார்த்தை புரிகிற அளவுக்கு. அம்மாவும் காது வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

"கேக்கல" என்று கத்தினாள்.

அப்பா சாவியைத் திருப்பிப் பாட்டை நிறுத்தினார். நான் தரையில் உட்கார்ந்து, டைரியைத் தொடைமேல் வைத்து, "காலை 6.05. ஒரு சாண். சோதித்தோம். கேட்கவில்லை" என்று எழுதினேன்.